கணக்குக்குப் பீஸ் ரேட்டு

மங்கலம்
3-2-1992

அன்பு மகன் ஆறுச்சாமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாகாளியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இடையிடையே சண்டை போட்டு, நல்லபடியாக இருக்கிறோம். டெல்லியில் நீயும் சண்டைக்கு ஆள் இல்லாவிட்டாலும் சுகமாக இரு சாமி. அங்கே குளிர் தாங்கவில்லை, நம் கம்பெனி பனியனையே ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துக் காட்டியதும் உங்கப்பா தன் சரக்குக்குச் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது என்று சிரித்தார். ஊர் உலகத்துக்கெல்லாம் துணி அனுப்புகிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்க உனக்கு என்ன கேடு, முதல் வேலையாக அதை வாங்கு. போனில் பேசலாம்தான், ஆனால் எஸ்.டி.டி. பூத்தில் அந்தச் சிவப்பு நம்பர் ஓடுவதைப் பார்த்தால் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன், அதுவும் போக அந்தப் பூத்துக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் இந்தக் கடுதாசி, நீளமாகப் போகும், சாப்பிட்டுவிட்டுப் படி.

உன் தங்கச்சி மயிலாள் அரைப் பரீட்சையில் கணக்கில் பெயில், தையிலேயே அவளுக்குக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று அப்பா உனக்குப் போன் போட்டாராமே. நீயும் பதறிப்போய் என்னம்மா இதெல்லாம் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கோயமுத்தூர் காலேஜில் கணக்கே எடுத்துப் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் இத்தனை வயதில் வாய் விட்டுக் கேட்டது, நகை கேட்கவில்லை, பட்டுச்சேலை கேட்கவில்லை. அது நடக்குமா, இல்லை கழுத்தை நீட்ட வேண்டியதுதானா என்பதுதான் ஒரு மாதமாக இந்த வீட்டில் பிரச்சினை. அப்பா உன்னிடம் முடிவை மட்டும் சொல்லியிருக்கிறார், தான் அடித்த கூத்தைச் சொல்லியிருக்க மாட்டார், அதை நான் சொல்கிறேன் கேள்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது யாரோ ஒரு எக்ஸ்போர்ட்காரர், என் பையன் கணக்கில் இருநூறுக்கு இருநூறு, எல்லாம் டியூஷன்தான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உங்கப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினொன்றாவதில் மயிலாள் அவள் பாட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் முத்துப்பேச்சி டீச்சர் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து, காலை ஆட்டியபடி, ஒரே கணக்கோடு ஒரு சாயங்காலம் முழுக்கக் கிடப்பாள், மார்க்கும் நன்றாகத்தான் வாங்கினாள். ஆனால் குப்புறப் படுத்திருப்பது அப்பா கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் நூல் குடோன் மாடியில் டியூஷன் எடுக்கிற சுப்பண்ணன் மாஸ்டரைப் போய்ப் பார்த்தார். அவர் மாசத்துக்கு இவ்வளவு என்றாராம். மாசச் சம்பளம் குடுத்தா எவனுங்க வேலை செய்வான், நம்ம தொழில்ல எல்லாமே பீஸ் ரேட்டுதானுங்க, கை தெச்சா ஒரு ரேட்டு, கழுத்து தெச்சா ஒரு ரேட்டு, அதே மாதிரி புள்ளை போடற கணக்குக்கு இத்தனைன்னு பேசிக்குவோமுங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். பார் அந்த மூளையை. மாஸ்டர் முதலில் சிரித்தாராம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, கணக்கு வாத்தியார் அல்லவா, அவருக்கு வராத கணக்கா, மறுநாள் விடிந்ததும் அவரே மொபெட்டில் வந்து, செரிங்க மாரப்பண்ணா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே உற்பத்தியை. நம் கம்பெனிச் சுவரில் அன்றன்றைக்கு எத்தனை பீஸ் ஓடியது என்று சாக்பீஸில் எழுதுகிற கரும்பலகை இருக்கிறதே, அதில் கை, கழுத்து, பட்டி என்று இருப்பதற்குக் கீழே கணக்கு என்று ஒரு வரியைச் சேர்த்தார். மயிலாள் டியூஷன் முடிந்து வந்து நம்பர் சொல்ல வேண்டும், அப்பா எழுதுவார், முந்தின நாளைவிடக் குறைந்தால் முகம் சுருங்கும், கூடினால் அன்றைக்குப் பிள்ளைக்குப் பன் பட்டர் ஜாம். நம் டெய்லர் காசிமாயன், அதுதான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன், அவன் வாய் சும்மா இருக்குமா, மொதலாளி, தங்கச்சி கணக்குக்கு ஆயுத பூசையில ரேட்டு ஏத்திக் குடுத்தீகளாம்ல, எங்க கழுத்துப் பட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அப்பா எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்பிச் சமாளித்தார். தீபாவளிக்கு மாஸ்டர் நம் டெய்லர்களோடு வரிசையில் நின்று போனஸ் கேட்டார், நீ நம்ப மாட்டாய், வாங்கிக்கொண்டும் போனார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பிள்ளை டியூஷனுக்குப் போய் வந்தால் முகம் தொங்கிப் போயிருந்தது. காலை ஆட்டிக்கொண்டு படுப்பதெல்லாம் நின்றுவிட்டது. என்ன கண்ணு ஆச்சு என்று தலையைத் தடவிக் கேட்டேன். பரீட்சையில பத்து மார்க்குக்கு வருமுங்கம்மா, பெரிய பெரிய கணக்கு, அதை மாஸ்டர் தொடவே மாட்டீங்கறாருங்க, கேட்டா அது ரேட்டுக்குக் கட்டுப்படி ஆகாது கண்ணு, ஒரு பெரிசு போடற நேரத்துல சின்னதா ஒரு கட்டு ஓட்டிரலாம்னு சொல்றாருங்க என்றாள். எல்லாம் இரண்டு வரிக் கணக்காம், ஒரே அச்சு, நம்பரை மட்டும் மாற்றி மாற்றிப் போட வைக்கிறாராம். இதைப் போய் உங்கப்பாவிடம் சொன்னேன். அதுல என்ன தப்பு, டிசைன் பீஸ் எடுத்தா டெலிவரி லேட்டாகுது, பிளெய்ன் பீஸ்தான் ஓடும் என்று எனக்கே பாடம் எடுத்தார். முப்பது வருஷமாகப் பனியன் தொழில் செய்கிற மனுஷனிடம் நான் எதைச் சொல்ல.

மார்கழியில் அரைப் பரீட்சை மார்க் வந்தது. இருநூறுக்கு நாற்பதுகூட இல்லை. கரும்பலகையைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறது, பேப்பரைப் பார்த்தால் பெயில். அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வழியில் எங்கேயோ சரக்குத் திருட்டுப் போய்விட்டது என்கிற மாதிரி முழித்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முத்துப்பேச்சி டீச்சர் தேனிப் பக்கத்துக்காரர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். ஏம்மா, உங்க பிள்ள மத்த கேள்விகள ஒழுங்காத் தொடவே இல்ல, முக்காவாசி நேரம் ஒரே கணக்கக் கட்டிக்கிட்டுக் கெடந்திருக்கா, அதுக்கு எவ்வளவு போட்டாலும் பத்து மார்க்குக்கு மேல நான் எங்குட்டுப் போய்ப் போட, ஆனா அந்த ஒண்ணப் போட்டிருக்கா பாருங்க, இந்த மாதிரி ஒரு பிள்ள போட்டு நான் பாத்ததில்லம்மா என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்துக் கேட்டேன். அது என்ன கணக்கு என்று எனக்கும் புரிகிற மாதிரிச் சொன்னாள். ஒரு வளைந்த கோட்டை ஒரு நேர்கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் குடம் மாதிரி ஓர் உருவம் வருமாம், தண்ணீரே ஊற்றாமல் அதற்குள் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமாம். ஒரு வழியில போட்டேனுங்கம்மா, விடை வந்துருச்சு, செரியான்னு பாக்க வேற ஒரு வழியில போட்டேன், அதுலயும் அதேதான் வந்துச்சு, ரெண்டு வழியும் எங்க போய் ஒண்ணாச் சேருதுன்னு பாக்காம அடுத்த கேள்விக்குப் போக மனசே வல்லீங்க, ஆறு மாசமா மாஸ்டர் பெரிய கணக்கையே கண்ணுல காட்டலீங்கல்லம்மா என்று சொல்லி அழுதாள், அழுதுகொண்டே எங்கே சேர்ந்தது என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். நான் அவளை அடிக்கத்தான் உட்கார வைத்தேன் சாமி, பொய் சொல்லவில்லை. கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். எனக்கு அந்தக் குடமும் புரியவில்லை ஒன்றும் புரியவில்லை, பிள்ளைக்கு அதில் இருக்கிற ஆசை மட்டும் நன்றாகப் புரிந்தது.

இதை அப்பாவிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். பரீட்சை பூராவும் ஒரே பீஸா, அந்த மாதிரி டெய்லரை நான் மத்தியானம் வரைக்கும் வெச்சிருப்பனா என்று குதித்தார். அத்தோடு விட்டாரா, ரிஜெக்ட் ஆன பீஸைக் குடோன்ல வெச்சிருக்கக் கூடாது புள்ளே, சீசன் போறதுக்குள்ள தள்ளிரோணும் என்று ஒரு வார்த்தை விட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, அவ நீங்க பெத்த புள்ளைங்களா, செகண்ட்ஸ்ல தள்ளற சரக்குங்களா என்று கேட்டேன். அதற்கப்புறம் சோறு போட்டேன், பேசவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா, ஒரே வாரத்தில் பல்லடத்தில் ஒரு இடம் பார்த்துவிட்டார். கோழிப்பண்ணைக்காரர்கள், மச்சு வீடு, காரு, ஒரே பையன். பையன் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறான் என்று அதையும் ஒரு படிப்பு மாதிரிப் பெருமையாகச் சொன்னார். மயிலாள் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அம்மா, பரீட்சை மட்டுமாச்சும் எழுதிக்கிறனுங்க என்றாள்.

போன மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பல்லடத்து ஒறம்பரை பெண் பார்க்க வந்து இறங்கினார்கள். பையனைக் குறை சொல்ல முடியாது, பாவம், வந்ததிலிருந்து போகிற வரைக்கும் மிக்சரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்செல்லாம் அவன் அப்பாதான். உங்கப்பாவுக்கு வாய் சும்மா இருக்கிறதா, பெயிலானதை மறைக்க வேண்டுமே, என்ற புள்ளை ஆறு மாசத்துல ஆயிரக்கணக்குல கணக்குப் போட்டிருக்குதுங்க, போர்டுலயே எழுதி வெச்சிருக்கறமுங்க, வந்து பாருங்க என்று அவரைக் கம்பெனிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கரும்பலகையைக் காட்டினார். பண்ணைக்காரர் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், உருப்படி எண்ணுகிற விஷயம் என்றால் அவருக்கும் பிடிக்குமே. திரும்பி வந்து உட்கார்ந்து, காப்பியை வாங்கிக்கொண்டு, ஏங்கண்ணு, மணிக்கு எத்தனை கணக்குப் போடுவ என்று மயிலாளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் எங்கேயோ பார்த்தேன். நல்ல கணக்கா இருந்தா மணிக்கு ஒண்ணுகூட ஆகாதுங்க, சிலதுக்கு ரெண்டு நாள் ஆகுமுங்க, ஒண்ணு பதினொண்ணாவதுல ஆரம்பிச்சது, இன்னும் விடை வல்லீங்க என்று மரியாதையாகச் சொன்னாள். பண்ணைக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பையன் மட்டும் முதல் தடவையாக மிக்சரை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

வாசலில் காரில் ஏறப் போகும்போது பண்ணைக்காரர் அப்பாவின் தோளில் கை போட்டு, பண்ணையில கோழியே நாளுக்கு ஒரு முட்டை தவறாம வெக்குதுங்க மாரப்பண்ணா, புள்ளை கொஞ்சம் மந்தமாட்ட இருக்குது, நாங்க ஊட்ல கலந்துட்டுச் சொல்லி அனுப்பறமுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்கப்பா வாசலிலேயே நின்றார். கார் திருப்பம் தாண்டியதும் துண்டை உதறித் தோளில் போட்டார். யாரைப் பாத்து மந்தங்கறான் அவன், என்ற புள்ளையக் கோழியோட சேத்திப் பேசறானா, அந்தப் பெரிய கணக்கை ரெண்டு வழியில போட்டவ அவ, இந்த மாதிரி ஒரு புள்ளை போட்டுப் பாத்ததில்லைன்னு டீச்சரே சொல்லியிருக்கறாங்க, முட்டை எண்ணற பயலுக்கு என்ன தெரியும் என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேன். ரிஜெக்ட் பீஸ் என்று சொன்ன வாய்தான் அது.

ஆனால் அந்தச் சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏனுங்க, இங்க பாருங்க, பங்குனிப் பரீட்சை முடியற வரைக்கும் இந்த வாசல்ல ஒறம்பரை வந்து நிக்கக் கூடாது, பாசானாக் கோயமுத்தூர், பெயிலானா மறுபடியும் எழுதட்டும், அப்புறம் கோயமுத்தூர், மணிக்கு எத்தனைன்னு கேக்கற ஊட்டுக்கு என்ற புள்ளையக் குடுக்கறதா இருந்தா என்னை இந்த ஊட்ல தேடாதீங்க என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. செரி செரி, கத்தாதே, டெய்லருங்க காதுல உளுகப் போகுது என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன், கரும்பலகையில் அந்த வரி இல்லை, அவர் தோள் துண்டில் சாக்பீஸ் மாவு அப்பியிருந்தது. சுப்பண்ணன் மாஸ்டருக்குச் சேதி போய் அவர் ஓடி வந்து, பெரிய கணக்குன்னா அதுக்குத் தனி ரேட்டுப் பேசிக்கலாமுங்க என்றார். பேசி முடிஞ்சுதுங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க என்று நானே அனுப்பி வைத்தேன்.

இப்போது முத்துப்பேச்சி டீச்சர்தான் பள்ளிக்கூடம் விட்டதும் அவளை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, விடை வந்திருச்சில்ல, விட்டுட்டு அடுத்ததுக்குப் போ என்று அதட்டுவதுதான் பாதிப் பாடமாம். பாதி நாள் கேட்கிறாள், பாதி நாள் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பயம்தான், பெரிய பரீட்சையில் போய் மறுபடியும் ஏதாவது குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது. அப்பா சாயங்காலம் அவள் அறை வாசலில் நின்று பழக்க தோஷத்தில் எத்தனை ஆச்சு என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். இன்னும் ஒண்ணே முடியலீங்கப்பா என்கிறாள். செரி கண்ணு, மெதுவாப் போடு என்று சொல்லிவிட்டு, அவள் அறையை ஒட்டி ஓடுகிற கம்பெனி மெஷினை நிறுத்தச் சொல்லிப் போகிறார். நீ அவருக்குத் தனியாக ஒரு கடுதாசி போடு, திட்டி எழுதாதே, நீங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவு என்று எழுது, அவர் எடுத்த முடிவு என்று அவரே நம்பிவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டார்.

மற்றபடி கணியூர் மாமா வீட்டில் கரும்பு வெட்டு நடக்கிறது, வெல்லம் கொடுத்து அனுப்புகிறேன் என்றார்கள், வந்ததும் உனக்குப் பார்சல் போடுகிறேன். நூல் விலை ஏறுகிறது, கரண்டு தினமும் போகிறது. நீ சப்பாத்தியே தின்று தின்று வயிற்றைக் காய வைக்காதே, வாரத்துக்கு ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரியில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சுற்றாதே. உனக்குக் குறை ஒன்றும் வராமல் அம்மன் காப்பாற்றட்டும், நல்ல வேலையும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. டெல்லியில் பெரிய புத்தகக் கடைகள் இருக்குமாம், பெரிய கணக்காகவே இருக்கிற புத்தகம் ஒன்று அண்ணனை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள் என்று மயிலாள் கேட்கிறாள், பின்பக்கத்தில் விடை அச்சடிக்காததாகப் பார்க்க வேண்டுமாம். விலையைப் பார்க்க வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். ஆனால் பார்சலை அவள் பேருக்கு அனுப்பாதே சாமி, என் பேருக்கு அனுப்பு, பரீட்சை முடிகிற அன்றைக்குத்தான் அதை அரிசி டிரம்மிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் ஸ்வெட்டர் கவலையோடு,
அம்மா
மா. சாமியாத்தாள்